ஆறு டிரம்களும் ஒரு கிரேக்கப் பெரியவரும்

போன மாதம் எங்கள் பழைய தோல் டேனரிக்குப் போயிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. புது ஜெனரேட்டர் வந்திருக்கிறது என்று காதில் விழுந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மெயின்டனன்ஸ் பிரிவில் இப்போது இருப்பவர்கள் நல்ல பிள்ளைகள். நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, கண்ணாடிக் கதவு வைத்த ஒரு பெட்டியைக் காட்டினார்கள். கரண்ட் போனால் அதுவே தெரிந்துகொள்கிறதாம். அதுவே ஜெனரேட்டரைக் கிளப்பி, அதுவே லைனை மாற்றி, கரண்ட் வந்ததும் அதுவே நிறுத்திவிடுகிறதாம். மனிதன் கை வைக்கவே வேண்டாம்.

"உங்க காலத்துல யாரு சார் போடுவாங்க?" என்று டிப்ளமோ முடித்து வந்திருந்த ஒரு பெண் கேட்டாள்.

"ஏழுமலை போடுவாரு. அவரு போட்டது ஏதென்ஸ் வரைக்கும் கேட்டுதும்மா" என்றேன்.

கிழம் ஜோக் அடிக்கிறது என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்னதில் ஒரு சொல்லும் ஜோக் இல்லை. டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதையும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பெயர் ஜெயசீலன். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படிப்பு, வேலூரில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் கொஞ்ச காலம், பிறகு ஆம்பூரில் இந்த டேனரி. எலக்ட்ரீஷியனாக உள்ளே போனேன், மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக வெளியே வந்தேன். நடுவில் ஷாக் அடித்த கதைகள் நிறைய உண்டு. அவை எல்லா எலக்ட்ரீஷியன்களிடமும் இருக்கின்றன. ஒருவர் கதையை இன்னொருவர் கேட்பதில்லை.

டேனரிக்குள் போகாதவர்களுக்கு டிரம் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன அறை அளவுக்கு மரத்தால் செய்த உருளை. அதைப் படுக்கவைத்து மோட்டாரால் சுற்றவிடுவோம். உள்ளே தோல், தண்ணீர், மருந்து. சுற்றச் சுற்ற ஈரத்தோல் உள்ளேயிருக்கும் மர முளைகளில் சிக்கி மேலே ஏறும். உச்சிக்குப் போனதும் தொப்பென்று விழும். எங்களிடம் ஆறு டிரம்கள். ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒரு கதியில் தொப்புத் தொப்பென்று போட்டுக்கொண்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் தலைவலி வரும். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் காதில் விழாது. நின்றால்தான் விழும்.

ஒரு டிரம் நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மருந்து போடவோ தோலை எடுக்கவோ நிறுத்தியிருப்பார்கள். ஆறும் ஒன்றாய் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கரண்ட் போய்விட்டது. உடனே ஆளுக்கு ஆள் கத்துவார்கள்: "ஏழுமலை! கரண்ட்டு!"

ஏழுமலை எங்கள் ஜெனரேட்டர் ஆபரேட்டர். அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வேக்காரர். மகன் தினமும் அங்கிருந்து பாசஞ்சரில் வருவார். மெலிந்த உடம்பு, தோளில் எப்போதும் ஒரு துடைக்கிற துணி. டிரம் ஷெட்டுக்குப் பின்னால் ஜெனரேட்டர் அறை. அதில் ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் ஏழுமலை. பேனலில் இருக்கிற சின்ன விளக்குகளை அவர் பார்க்கவே மாட்டார். "வெளக்கு பொய் சொல்லும் சார். காது சொல்லாது" என்பார். ஆறு டிரம்களின் சத்தம் அடங்கியதும் கை தானாகச் சாவிக்குப் போகும். நாங்கள் "ஏழுமலை! கரண்ட்டு!" என்று கத்தி முடிப்பதற்குள் இன்ஜின் உறுமத் தொடங்கியிருக்கும். அதற்கு மேல் அவருடைய பதில் கேட்கும்: "தோ, போட்டாச்சு!"

எங்கள் முதலாளியைப் பற்றியும் சொல்லவேண்டும். வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தாடி, மெல்லிய குரல். வீட்டில் உருது, எங்களிடம் தமிழ். அவர் வாயிலிருந்து 'ஆகட்டும்', 'முடியாது' என்ற இரண்டு சொற்களையும் யாரும் கேட்டதில்லை. 'முடியாது' என்பதற்கு "பாக்கலாம்" என்பார். 'யோசிக்கிறேன்' என்பதற்கு "இன்ஷா அல்லா". எதிரே நிற்பவனைப் பார்த்து "டீ குடிச்சியா?" என்று கேட்டுவிட்டால் காரியம் முடிந்தது, சம்மதம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். புதிதாக வந்தவர்கள் இது தெரியாமல் "குடிச்சிட்டேன் மொதலாளி" என்று சொல்லிவிட்டு, பதில் வரும் என்று அங்கேயே நின்றுகொண்டிருப்பார்கள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஜெயசீலா, நீ சர்ச்சுல பாடறவன்தானே?"

"கொயர்ல பின்னால நிப்பேன் மொதலாளி. தனியா எல்லாம் பாட மாட்டேன்."

"அப்ப உனக்கு மியூசிக் தெரியும். கிரீஸ்லேர்ந்து ஒருத்தர் வர்றாரு. பெரிய மியூசிக்காரராம். நம்மகிட்ட தோலு வாங்கற பார்ட்டிக்குத் தாய்மாமன். நீ பாத்துக்க."

"எனக்கு இங்கிலீஷும் கம்மி மொதலாளி..."

"டீ குடிச்சியா?"

அவ்வளவுதான். ஒரு மாத காலத்துக்கு நான் ஒரு கிரேக்க இசையமைப்பாளரின் உதவியாளன் ஆனேன்.

அவர் பெயர் ஸ்ட்ராட்டிஸ். அதைச் சொல்வதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்வதால் ஷெட்டில் எல்லோருக்கும் அவர் 'பெரியவர்' ஆகிவிட்டார். எழுபதை நெருங்கிய வயது, ஓலைத் தொப்பி, கைத்தடி. வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் வாசலில் கால் வைத்ததும் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோவார்கள். இவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். பிறகு மூன்றாம் டிரம்முக்கு முன்னால் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்து டிரம் மேஸ்திரி ஒரு சோடாவை உடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

பகலில் கேன்டீனில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். பிரியாணிக்குப் பேர்போன ஊரில் வந்து தயிர்சாதம் கேட்ட ஒரே வெள்ளைக்காரர் அவர்தான். எனக்கும் அவருக்கும் இங்கிலீஷ் ஒரே அளவுதான் தெரியும், அதனால் பேச்சு நன்றாகப் போயிற்று. அவருடைய வாழ்க்கையைத் துண்டு துண்டாக அந்தக் கேன்டீன் பெஞ்சில்தான் கேட்டேன்.

அவர் பிறந்தது ஒரு தீவில், டேனரிகள் வரிசையாய் இருந்த ஒரு துறைமுகத்துப் பக்கம். அப்பா டிரம் ஆள். வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் டிரம்கள். படிப்பில் கெட்டிக்காரர் என்பதால் ஏதென்ஸில் இசைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கே பியானோவுக்கு எழுதச் சொன்னால் இவர் தறிகளுக்கு எழுதினாராம். ஜல்லிக் கற்களின் மேல் முப்பது பேர் நடப்பது ஒரு படைப்பு. ஈரமான கப்பல் கயிற்றை முறுக்குவது இன்னொன்று. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் பாதியில் எழுந்து போவார்கள். ஒருமுறை மிச்சம் இருந்தது ஒரே ஒருவர், அவரும் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப எதுக்கு சார் எழுதறீங்க?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீ எதுக்கு வயர் இழுக்கற? வெளிச்சம் வரணும்னுதானே? எனக்கும் ஏதோ வரணும். இன்னும் வரல" என்றார்.

அவருடைய எல்லாப் படைப்புகளிலும் நடுவில் ஓர் இடத்தில் சத்தம் முழுக்க நின்றுவிடும். அந்த மௌனத்துக்காகத்தான் மற்றதெல்லாம். ராணுவ ஆட்சிக் காலத்தில் அதற்காகவே அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். யாரைப் பார்த்து இந்த மௌனம் என்று கேட்டு அடித்தார்களாம். வெளியே வந்து, ஊரைவிட்டு ஓடி, பாரிஸில் ஓட்டல் பாத்திரம் கழுவி, அங்கேயும் எழுதினார். பிறகு நாடு சரியானதும் திரும்பிவந்தார். பெரிய அரங்கங்கள் எல்லாம் கிடைத்தன. மௌனம் மட்டும் கிடைக்கவில்லை. ஓர் ஊரில் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஓர் ஊரில் இருமினார்கள். ஓர் ஊரில் ஒரு அம்மாள் அந்த நேரம் பார்த்து மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்தார். அந்தக் காகிதச் சத்தத்தை அவர் வாயாலேயே எனக்குச் செய்து காட்டினார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவைப் பற்றிச் சொன்னார். அந்தத் தீவில் டேனரியின் எல்லா டிரம்களுக்கும் ஒரே நீண்ட இரும்புத் தண்டு. அது நின்றால் எல்லாம் நிற்கும். இவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு மத்தியானம் அம்மா சாப்பாடு பரிமாறிக்கொண்டிருக்கையில் சத்தம் சட்டென்று அடங்கியது. அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். தெருவில் எல்லா வீட்டுப் பெண்களும் வாசலுக்கு வந்து நின்றார்கள். ஒருவரும் பேசவில்லை. யார் வீட்டுக்கு ஆள் வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆள் இவர் வீட்டுக்கு வந்தது. டிரம்மைச் சுற்றும் பெல்ட்டில் அப்பாவின் சட்டை மாட்டி, அவரையும் இழுத்துவிட்டது.

"டிரம் சத்தம் எங்கிட்ட டேப்புல இருக்கு. அதுக்காக நான் வரல. அது நின்னா பயப்படற ஜனங்க வேணும். எங்க ஊர்ல டேனரி எல்லாம் மூடியாச்சு. உங்க ஊர்ல இருக்காங்க. இவங்க முன்னாடி நின்னா அது மௌனமா இருக்கும். ஒரே ஒரு தடவை போதும்."

இதற்கு முன் அவரைக் கொஞ்சம் கிறுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு என்ன ஆனாலும் அவர் கேட்டதை வாங்கிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அவர் எழுதியிருந்த இசைக்குறிப்பு மேசை விரிப்பு அளவுக்கு ஒரு தாள். ஆறு கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. கறுப்புப் பட்டைகள் ஒவ்வொன்றாகத் தொடங்கி, ஆறும் சேர்ந்து ஓடி, நடுவில் வெறும் வெள்ளை. பிறகு ஆறும் ஒரே நேரத்தில் மறுபடி கறுப்பு.

ஏழுமலை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, ஷிஃப்ட் சார்ட்டா?" என்றார்.

ஒரு வகையில் அதுவேதான். தோல் இல்லாமல் வெறும் டிரம்மைச் சுற்றினால் அந்தத் தொப்பென்ற சத்தம் வராது. பாட்டுக்காகத் தோலைப் போட்டுச் சுற்றினால் தோல் வீண். ஆகவே உண்மையான லோடு ஓடும்போதுதான் செய்யவேண்டும். எந்தக் கட்டத்தில் டிரம்மை நிறுத்தினால் தோலுக்குக் கெடுதல் இல்லை என்று பெரியவரும் மேஸ்திரியும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். ஒரு கட்டம் இருந்தது. தோலைப் பதப்படுத்தும் குரோம் மருந்து போட்டுச் சுற்றவிட்ட பிறகு, மருந்து உள்ளே போயிற்றா என்று பார்க்க டிரம்மை நிறுத்துவோம். கதவைத் திறந்து, கழுத்துப் பக்கம் தடித்த இடத்தில் ஒரு துண்டு வெட்டி, வெட்டுவாயைப் பார்ப்போம். மேலிருந்து கீழ்வரை நீலமாக இருந்தால் சரி. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால் மருந்து இன்னும் இறங்கவில்லை என்று அர்த்தம், மறுபடி ஓட்டவேண்டும். மேஸ்திரி அப்படி வெட்டிக் காட்டிய ஒரு துண்டைப் பெரியவர் வாங்கி, நடுவில் இருந்த வெள்ளைக் கோட்டையும் தன் தாளில் இருந்த வெள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். மேஸ்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதற்கென்று மேஸ்திரிக்குப் புரியவில்லை, ஆனாலும் சந்தோஷப்பட்டார்.

சிக்கல் என்னவென்றால் ஆறு டிரம்களும் ஒரே நேரத்தில் அந்தக் கட்டத்துக்கு வருவதே கிடையாது. தண்ணீர்த் தொட்டி ஒன்று, தோலைத் தூக்குகிற செயின் ஒன்று, மேஸ்திரி ஒருவர். அதனால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் லோடு ஏறும். ஆறையும் ஒரே சமயத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால் வாரம் முழுவதுக்குமான வேலையை மாற்றியமைக்கவேண்டும். அதற்கு முதலாளியின் சம்மதம் வேண்டும். நானும் பெரியவரும் போய் நின்றோம்.

"ஆறையும் நிறுத்திட்டு சும்மா நிக்கறதா? எவ்ளோ நேரம்?" என்றார் முதலாளி.

"அவரு கையத் தூக்கற வரைக்கும் மொதலாளி."

"எப்ப தூக்குவாரு?"

"அது அவருக்கே தெரியாதாம் மொதலாளி."

"பாக்கலாம்" என்றார்.

எனக்கு முகம் விழுந்துவிட்டது. பெரியவர் விடவில்லை. அப்பாவின் கதையை அவரே சொன்னார். நான் தமிழில் சொன்னேன். முதலாளி தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார். அவருடைய தகப்பனாரும் கையால் தோல் உரசிப் பிழைத்தவர்தான்.

"உள்ள குரோம் இருக்கும். அந்த நேரம் நெசமாவே கரண்ட் போச்சுன்னா தோலு திட்டுத் திட்டா போயிடும். ஏழுமலை ஜெனரேட்டர்கிட்டயே இருக்கணும். சாவி அதுலயே இருக்கணும்." பிறகு பெரியவரைத் திரும்பிப் பார்த்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் டீ குடித்தாகிவிட்டதா என்று கேட்டார். பெரியவர் இல்லை என்று தலையாட்டினார். நான் அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

நடந்த நாள் இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஷெட்டில் மைக் இரண்டு, டேப் மெஷின் ஒன்று. ஷூ பிரிவில் தைக்கிற பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முதலாளி வீட்டார் மேல்மாடியில். எங்கள் ஐயர், பாஸ்டர் ஐயா, பைபிளோடு வந்து உட்கார்ந்திருந்தார். பாட்டு என்றதும் ஜெபம் உண்டு என்று நினைத்துவிட்டார் போல. ஏழுமலையிடம் நான் தனியாகப் போய் விளக்கினேன்.

"ஆறும் ஒண்ணா நிக்கும். அது கரண்ட் போறது இல்ல. நாமளே நிறுத்தறது. நீ கைய வெக்காத."

"இன்னா சார், நான் கொழந்தயா? தெரியாதா?" என்றார். நம்பிக்கைக்கு ஒருமுறை தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தும் காட்டினார்.

பெரியவர் கையை அசைத்தார். ஒன்றாம் டிரம் தொடங்கியது. பிறகு நான்காம் டிரம். பிறகு மற்றவை. இத்தனை வருடம் காதில் விழாத அந்தச் சத்தம் அன்றைக்கு முதல்தடவையாக எனக்குக் கேட்டது. ஒரு டிரம் கேட்க, இன்னொன்று பதில் சொல்கிற மாதிரி இருந்தது. தைக்கிற பெண்களில் சிலர் காலால் தாளம் போட்டார்கள். ஆறும் சேர்ந்து உச்சத்துக்குப் போனபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சர்ச்சில் கூட அப்படி வந்ததில்லை.

பெரியவர் கையைக் கீழே இறக்கினார். டிரம்முக்கு ஒருவராய் நின்ற ஆறு பேரும் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்கள். ஆறும் நின்றன.

ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் மூச்சை உள்ளே இழுத்ததை நான் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. அவர் தேடிவந்த ஜனங்கள் இவர்கள்தான். பெரியவரின் முகம் குழந்தை முகம்போல் ஆகிவிட்டது.

அப்போது பின்பக்கம் இன்ஜின் உறுமியது. டியூப்லைட் எல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்தன. லைன் ஜெனரேட்டருக்கு மாறிவிட்டது. உடனே தைக்கிற பெண்கள், கரண்ட் வந்தால் நம் ஊரில் எல்லோரும் கத்துவார்களே, அதேபோல் ஒரே குரலில் "ஏஏஏ!" என்று கத்தினார்கள். ஜெனரேட்டரில் ஆறு மோட்டார்களை ஒன்றாய்ப் போட்டால் தாங்காது. பெரிய டிரம்மிலிருந்து ஒவ்வொன்றாகப் போடவேண்டும். அதற்கு நான்தான் எப்போதும் குரல் கொடுப்பவன். என் வாயும் யாரையும் கேட்காமல் திறந்துகொண்டு "ரெண்டு போடு! அஞ்சு போடு! ஒண்ணு!" என்று கத்தியது. அவர்களும் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே, பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல்: "தோ, போட்டாச்சு!"

பெரியவர் தன் மொழியில் ஏதோ ஒரு சொல் சொன்னார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மேல்மாடியிலிருந்து முதலாளி இறங்கிவந்து, "முடிஞ்சுதா? நல்லா இருந்துச்சு" என்றார். தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரி வெட்டிப் பார்த்தபோது உள்ளேவரை நீலம். அதுவாவது பிழைத்தது.

தேடிப்போனபோது பெரியவர் ஜெனரேட்டர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஏழுமலை உள்ளே மூலையில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த வாரமே பெரியவருக்கு விமானம். இன்னொருமுறை ஆறையும் சேர்க்க நேரம் இல்லை. எல்லோருக்கும் அது தெரியும்.

"ஏன்னு கேள்" என்றார் பெரியவர் என்னிடம்.

"கை தானா போச்சு சார்" என்றார் ஏழுமலை. "சத்தம் நின்னுச்சுன்னா ஓட்டணும். உள்ள தோலு இருக்குது, ஆளுங்க இருக்கறாங்க. அந்த நேரத்துல யோசிச்சிக்கினா இருக்க முடியும்? இவருக்கு எதுக்கு சார் அது நிக்கணும்?"

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் டீசல் பேரல்மேல் உட்கார்ந்து, அந்த மத்தியானத்தை மறுபடியும் சொன்னார்: அம்மா, கரண்டி, தெருவில் நின்ற பெண்கள். ஏழுமலை துணியை முகத்திலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு மிகுந்த வருத்தத்தோடு ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் சார், அங்க ஜெனரேட்டர் ஆளே இல்லியா?"

மொழிபெயர்க்கத் தயங்கினேன். பெரியவர் விடாமல் கேட்டதால் சொன்னேன். அவர் ஏழுமலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று பயந்துபோனேன். அழவும் செய்தார், ஆனால் பெரும்பாலும் சிரிப்புதான். "இல்ல, எங்களுக்கு ஒரு ஏழுமலை இல்ல" என்றார். ஊருக்குப் போகும் வரையில் மிச்சம் இருந்த நாட்களில் அவருடைய தயிர்சாதம் ஜெனரேட்டர் அறைக்கே போனது. தமிழில் அவர் கற்றுக்கொண்ட மூன்று சொற்களும் அங்கே கற்றவைதான்: ஏழுமலை, கரண்ட்டு, போட்டாச்சு.

அவர் போய்விட்டார். ஏழுமலையை நாங்கள் விடவில்லை. டீக்கடை ரேடியோ நின்றால், "ஏழுமலை, கச்சேரியக் கெடுத்த மாதிரி இதையும் கொஞ்சம் போடுய்யா" என்பார்கள். கல்யாண வீட்டில் மேளம் நின்றாலும் அவர் பக்கம்தான் திரும்புவார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். ஒருநாள் மட்டும் என்னிடம், "பேஜாரா இருக்குது சார். அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு" என்றார். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அது அவர் மனதில் அவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

சில வருடங்கள் ஓடின. இரண்டாயிரம் பிறந்து நன்றாக வளர்ந்தும் விட்டது. ஒருநாள் பெரியவரின் மருமகன், அந்தத் தோல் வாங்குகிற பார்ட்டி, முதலாளிக்குப் போன் செய்தார். மாமா அந்தப் பதிவில் ஒன்றையும் வெட்டவில்லையாம். அதையே இசைக்குறிப்பாக எழுதிவிட்டாராம்: ஆறு டிரம், ஒரு ஜெனரேட்டர், 'ஏஏஏ' என்று கத்துவதற்குப் பெண்கள் குழு, இலக்கம் சொல்லிக் கத்த ஒரு ஆண் குரல். ஏதென்ஸில் திறந்தவெளி அரங்கில் நடத்தப்போகிறார்கள். ஒத்திகையில் ஓர் ஊர் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்தார்களாம். அவர் சரியான நொடியில்தான் போடுகிறார். ஆனால் தாளில் எழுதியிருப்பதால் போடுகிறார், அது வேறு என்கிறாராம் மாமா. உடம்பு மிகவும் முடியவில்லை. இனி ஒரு கச்சேரிக்கு வருவாரா என்பது சந்தேகம். ஏழுமலையை அனுப்ப முடியுமா, மொழிபெயர்க்க ஜெயசீலனையும்?

நானும் ஏழுமலையும் முதலாளி முன்னால் நின்றோம். இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"டீ குடிச்சீங்களா?" என்றார்.

விசா ஆபீஸில் எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். "ஜெனரேட்டர் போட" என்றார் ஏழுமலை. அதைச் சரிக்கட்ட எனக்கு அரை நாள் பிடித்தது. விமானத்தில் இன்ஜின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கூர்ந்து கேட்டுவிட்டு, "நல்லா ஓடுது சார், தூங்கலாம்" என்றார். ஏதென்ஸில் மேடைக்குப் பின்னால் வைத்திருந்த ஜெனரேட்டரைப் பார்த்ததும் தோளில் இருந்த துணியை எடுத்துத் துடைத்தார், ஆயில் பார்த்தார், ஒரு ஸ்டூல் வேண்டும் என்றார். கொடுத்த நாற்காலி சரிப்படவில்லை, ஸ்டூலே வந்தது.

மேடையில் ஆறு பெரிய மரப் பீப்பாய்கள், கையால் சுற்றுகிற மாதிரி. உள்ளே தண்ணீரும் தோலும். தோல் எங்கள் முதலாளி அனுப்பியது. பெரியவரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பாதியாக இளைத்திருந்தார். குரலே இல்லை. எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்தார், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. ஏழுமலை என் முதுகில் தட்டினார்.

வெயில் சாய்ந்து, கல் படிகள் நிறைய ஜனம். முதல் பீப்பாய் தொடங்கியது. பிறகு நான்காவது. பிறகு மற்றவை. நான் ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து மேடையின் ஓரமாக முன்வரிசை தெரியும். சத்தம் ஏறியது, ஏறியது, உச்சத்துக்குப் போனது. நின்றது.

ஏழுமலை அசையவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் மணிக்கட்டில் இறுகப் பிடித்திருந்தார். நரம்பு புடைத்திருந்தது.

"யோவ், போடுய்யா!" என்றேன் காதோடு.

"இரு சார்" என்றார் உதடு மட்டும் அசைய. "அவரு மொதல்ல கேட்டது இதத்தானே."

மேடையில் வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கச்சேரியை நடத்துகிறவரின் கை அந்தரத்தில் நின்றது. என்னவோ தவறிப்போய்விட்டது என்று அந்தக் கல் படிகளில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் கைதட்டவில்லை. ஒருவரும் இருமவில்லை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தெருவில் அன்றைக்குப் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றதும் இப்படித்தான் இருந்திருக்கும்.

பெரியவர் கண்ணை மூடியிருந்தார். கன்னத்தில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை. வெகு நேரம் அப்படியே இருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, இரண்டு கைகளாலும் நாற்காலியை ஊன்றி, பக்கத்தில் இருந்தவர்கள் பிடிப்பதற்குள் தானே எழுந்து நின்றார். இல்லாத குரலை எங்கிருந்தோ இழுத்து, அந்த அரங்கம் முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"ஏழுமலை! கரண்ட்டு!"

சாவி திரும்பியது. இன்ஜின் உறுமியது. அந்த உறுமலுக்கு மேலே, ஆம்பூர் ஷெட்டில் கேட்ட அதே கணீர்க் குரல்:

"தோ, போட்டாச்சு!"